கிரீஸ் டின் இருந்த பக்கம்

சத்யா தன் கருவிப் பெட்டியை ஜமுனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள். உள்ளே ஸ்பானர்கள் குலுங்கின. கையிலும் கன்னத்திலும் கிரீஸ். கண்ணில் மட்டும் ஈரம் இல்லை. கோபம் வந்தால் அழ வராத பெண்கள் உண்டு. அவள் அந்த ரகம்.

“அக்கா, என்னை அனுப்பிட்டாங்க. சாயங்காலம் பொன்னேரி போற வேன்ல ஏறிக்கணுமாம். டைரக்டர் பூபதி சார் மைக்லயே சொல்லிட்டாரு. ஊரே கேட்டுச்சு.”

“நானும் கேட்டேன். உக்காரு.”

“உக்கார நேரம் இல்லக்கா. நான் தப்பு பண்ணல. யாரு பண்ணாங்கன்னு நீதான் கண்டுபிடிக்கணும்.”

ஜமுனா மடியில் இருந்த டேப்லெட்டை மூடி வைத்தாள். ‘சிங்காரம் என்ஜின் ஒர்க்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரில் கன்டினியூட்டி பார்ப்பவள் அவள். ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த டீ கிளாஸ் அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிட்டால் அது அவள் தலையில்தான் விடியும். அதனால் எந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். செட்டில் கம்மல் காணாமல் போனாலும், செருப்பு மாறிப் போனாலும் எல்லோரும் முதலில் வருவது அவளிடம்தான். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவள் தவறு செய்து யாரும் பார்த்ததும் இல்லை.

“முதல்லேருந்து சொல்லு. கோபத்தை அப்புறம் சேர்த்துக்கலாம்.”

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஷாட் முடிஞ்சுது. பெஞ்சுக்கு லாக் பின் போட்டேன். போட்டுட்டுத்தான் சாப்பிடப் போனேன். நான் திரும்பறதுக்குள்ள தினகரன் அண்ணன் வந்து பெஞ்சுல உக்காந்துட்டாரு. பெஞ்சு ரெண்டா மடிஞ்சிடுச்சு. அவரு மணிக்கட்டு பிசகிடுச்சு. பூபதி சார் ஓடியாந்து என் பெட்டியைத் தொறந்து பாக்கறாரு, லாக் பின் அதுக்குள்ள கீது.”

“நீ வெக்கல.”

“நான் ஏன்க்கா வெக்கப் போறேன்? பின்னு பெஞ்சுக்குள்ள இருந்துச்சு.”

அந்த பெஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்க்க ஏரிக்கரை மெக்கானிக் கடையில் கிடக்கிற சாதாரண மரப் பெஞ்சு. உள்ளே சத்யாவின் மூளை. லாக் பின் என்கிற எஃகுக் கம்பி உள்ளே இருக்கும்வரை அதன்மேல் ஒரு குடும்பமே ஏறிக் குதிக்கலாம். பின்னை உருவிவிட்டால் லேசான சாமானைத்தான் தாங்கும்; ஆள் உட்கார்ந்தால், பீப்பாய்க்குப் பின்னால் படுத்துக்கொண்டு சத்யா பிடித்திருக்கும் தூண்டில் நைலான் நரம்பு ஒன்றுதான் பெஞ்சைத் தாங்கும். சிங்காரமாக நடிக்கும் தினகரன் வசனத்தை முடித்து, ஒரு மூச்சு இழுத்து, எதிராளியை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையின் முனையில் அவள் நரம்பை விடுவாள். பெஞ்சு மடியும். கொஞ்சம் முந்தினால் விபத்து, கொஞ்சம் பிந்தினால் அசடு. நடுவில் இருக்கிற மயிரிழையில்தான் சிரிப்பு.

தமிழ்நாடு முழுக்க அந்தச் சிரிப்பு சிரிக்கும். யார் நரம்பை விட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெயர்கள் ஓடும்போது சேனலே சோப்பு விளம்பரத்துக்குத் தாவிவிடும்.

“பின் போட்டது நிச்சயமா? கேக்கறேன்னு கோவிச்சுக்காத.”

“பெஞ்சுக்கு அடியில கண்ணு தெரியாதுக்கா. கையாலதான் போடணும். உள்ள போய் உக்காரும்போது விரல்ல ஒரு டக் தெரியும். சுண்ணாம்புக்குளத்துல எங்க வூட்டு ஆளுங்க எல்லாம் ஏரிச் சேத்துக்குள்ள கைய விட்டு எறா புடிக்கறவங்க. எறாவா கல்லான்னு கைதான் சொல்லும். அந்த வூட்டுலேருந்து இன்ஜினீயரிங் படிச்சவ நான். என் கை என்கிட்டப் பொய் சொல்லாது.”

“சரி. வேலை போனா இன்னா போகும் உனக்கு? அதையும் சொல்லு.”

சத்யா முதல்முறையாக உட்கார்ந்தாள்.

“அடுத்த வாரத்துலேருந்து டைட்டில்ல எனக்குத் தனி கார்டுன்னு சேனல்ல ஒத்துக்கினாங்க. ‘நகைச்சுவைச் சாதனங்கள், சத்யா’ன்னு. சங்கத்துல மெம்பர் ஆகறதுக்குப் பூபதி சார் கையெழுத்து போடணும். ஆர்ட்டிஸ்ட் கைய ஒடைச்சவன்னு பேரோட போனா கார்டும் இல்ல, சங்கமும் இல்ல. வேற எந்த செட்லயும் வாசல்லயே நிறுத்திடுவாங்க. இந்த வேலையை நானே உண்டாக்கினேன்க்கா. எனக்கு முன்னாடி இப்படி ஒரு வேலையே கெடையாது.”

ஜமுனா எழுந்தாள். “பெட்டியை இங்கயே வெச்சுட்டு முகம் கழுவிக்கினு வா. ரோசி, என்கூட வா.”

ரோசி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். தொடரின் உதவி எடிட்டர் அவள். எந்த இடத்தில் எந்தச் சிரிப்பொலி வர வேண்டும் என்று முடிவு செய்பவள். ஸ்டுடியோவில் சேமித்து வைத்த பழைய சிரிப்புகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், படப்பிடிப்பு நடக்கும் இந்தத் தோணிரேவு ஊர் மக்களின் நிஜச் சிரிப்பைப் பிடிக்க ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். துப்பறிவது என்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம்.

“மேடம், எனக்கு ஒருத்தன் மேல சந்தேகம்.”

“இன்னும் நாம இடத்தையே பாக்கல ரோசி.”

படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தது உண்மையான ஒரு படகு என்ஜின் ஷெட். ஒரு வாசல் ஏரியைப் பார்த்து, இன்னொன்று தெருவைப் பார்த்து. மடிந்த பெஞ்சு நடுவில் அப்படியே கிடந்தது. ஜமுனா குனிந்து அடியில் கையை விட்டுத் துழாவினாள். கை வெளியே வந்தபோது கிரீஸைத் தவிர ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

“பின் போற ஓட்டை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. நீ பாரு.”

ரோசியும் துழாவினாள். “தெரியல மேடம். பெஞ்சைச் சாய்ச்சுப் படுக்க வெச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்.”

“அப்போ, பின்னை உருவினவங்க பெஞ்சைச் சாய்ச்சிருக்காங்க. சாய்க்கறதுன்னா மேல இருக்கிற சாமானை எல்லாம் மொதல்ல எறக்கணும். மேல இன்னா இருந்துச்சு?”

“ஒரு வலைக் குவியல். ஒரு கிரீஸ் டின்.”

ஜமுனா டேப்லெட்டைத் திறந்தாள். மூன்று படங்கள். முதல் படம் காலையில் எடுத்தது: பெஞ்சின் நடுவில் வலை, இடது ஓரத்தில் கிரீஸ் டின். இரண்டாவது, சாப்பாட்டுக்குச் சற்று முன் எடுத்தது: வலை அப்படியே, டின் வலது ஓரத்தில்.

“இது தினகரன் சார் பண்ண வேலை,” என்று ரோசி சிரித்தாள். “வசனத்தை மறந்துட்டு டின்னை எடுத்து இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வெச்சு, ஒரு தட்டு தட்டினாரு பாருங்க! யூனிட்டே சிரிச்சுது. பூபதி சார் கண்ணுல தண்ணி. பெஞ்சு மடியற ஷாட்டைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்னு அங்கயே கட் பண்ணி, அதையே ஓகே பண்ணிட்டாரு.”

“அதனால அதுக்கப்புறம் டின் வலது பக்கம்தான் இருக்கணும். உடனே படம் எடுத்து யூனிட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்.”

ரோசி தன் போனைப் பார்த்தாள். “குரூப்ல காலைல போட்ட படம்தான் இருக்கு மேடம்.”

“போகல. இங்க டவர் வந்து வந்து போகுது. இதுல இன்னும் சுத்திக்கினுதான் இருக்கு. மூணாவது படத்தைப் பாரு. சாப்பிட்டுட்டு முதல் ஆளா உள்ள வந்தது நான். எதையும் தொடறதுக்கு முன்னாடி படம் எடுக்கறது என் வழக்கம்.”

மூன்றாவது படத்தில் டின் மறுபடியும் இடது ஓரத்தில் இருந்தது.

“அட, யாராவது தள்ளி விட்டிருப்பாங்க மேடம். பூனை கீனை.”

“பெரிசாக்கிப் பாரு. காலைல டின் அடியில ஒரு எண்ணெய் வட்டம் பதிஞ்சுது. அந்த வட்டத்து மேலயே, கைப்பிடி அதே கோணத்துல, டின் உக்காந்துகினு கீது. எந்தப் பூனை இவ்ளோ அழகா வெக்கும்? நான் அதை வலது பக்கம் மாத்திட்டு சார்ஜர் எடுக்க வெளிய போனேன். அந்தக் கொஞ்ச நேரத்துல தினகரன் வந்து உக்காந்துட்டாரு. தினமும் சாப்பிட்டதும் அங்க உக்காந்துதான் வசனம் படிப்பாரு. எல்லாருக்கும் தெரியும்.”

“அப்போ, பின் போனது சாப்பாட்டு நேரத்துல!”

“ஆமா. நீ இப்ப போய் ரமேஷைப் பாரு. நான் லோகேஷ் சாரைப் பாக்கறேன். மத்தவங்க எல்லாரும் அந்த டேக்ல ஷெட்டுக்குள்ளதான் இருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும்தான் இல்ல.”

ரமேஷ் கலைப் பிரிவின் உதவியாள். கடலோரக் குப்பத்துப் பிள்ளை. ஷெட்டுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, பெஞ்சு மேல் இருந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாமல் திட்டியது.

“எவனோ வெவரம் கெட்டவன் வலையை வைக்கோல் மாதிரி அள்ளிப் போட்டிருக்கான் ரோசி. மெதவை ஒரு பக்கம், ஈயக் குண்டு ஒரு பக்கம்னு காலைல நான் மடிச்சு வெச்ச வலை. இப்பப் பாரு, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எங்க நைனா பாத்தா இந்த வலையாலயே என்னைக் கட்டி அடிப்பாரு.”

“காலைல எங்க போயிருந்த?”

“அடுத்த சீனுக்கு மடவை மீன் வேணும்னாங்க. படகுல போய் வாங்கியாந்தேன். ஐஸ்ல போட்டுட்டு நேரா சோத்துல உக்காந்தேன்.”

“சத்யா மேல உனக்குக் கோபம்தானே?”

ரமேஷ் கையை நிறுத்தினான். “ஆமா, எரியுது. எனக்குப் பின்னாடி வந்தவ. அவ பேரு டிவில வரப்போவுது. எனக்கு எப்ப வரும்? கேட்டா இன்னா தப்பு? ஆனா அந்தப் பெஞ்சு இருக்குதே...” அவன் உதட்டைச் சுழித்தான். “அதை நான் செஞ்சிருந்தா ஊருக்கே காட்டியிருப்பேன்.”

கலை இயக்குநர் லோகேஷ், சாப்பாட்டுப் பந்தலை அடுத்த சீனின் டீக்கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, யாரிடமும் கடுஞ்சொல் பேசாத மனிதர். போனில் இருந்த பழைய படத்தையும் எதிரே இருந்த மேசையையும் மாறி மாறிப் பார்த்து, பிஸ்கட் ஜாடி ஒன்றை விரல் அகலம் நகர்த்தினார். மூடியைத் திருப்பினார். திருப்தியாகத் தலையசைத்தார்.

“சத்யா நல்ல பொண்ணும்மா ஜமுனா. நான் சேர்த்துவிட்டதுதானே? ஆனா மெஷினை நம்பி காமெடி பண்ணக் கூடாது. அந்தக் காலத்துல பெஞ்சு கால்ல கயித்தைக் கட்டி ஒருத்தன் இழுப்பான். கட் பண்ணா, கீழ விழுந்தவனைக் காட்டுவோம். ஜனங்க சிரிக்கலையா?”

“சிரிச்சாங்க சார். காலைல நீங்க இல்லையே?”

“காட்டுப்பள்ளி போற ரோட்ல பழைய இரும்புக் கடையில ஒரு நங்கூரம் இருக்குன்னாங்க. பாக்கப் போனேன். வந்ததும் நேரா சாப்பாடு. ஷெட்டுக்குள்ள நான் காலே வெக்கல.”

“சரிங்க சார்,” என்றாள் ஜமுனா. மேசையை ஒருமுறை பார்த்தாள். “ஜாடி கச்சிதமா இருக்கு.”

“பின்னே?” என்றார் லோகேஷ், பெருமையாக.

திரும்பி வரும் வழியில் ரோசி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“ரமேஷ்தான் மேடம்! வாயாலயே ஒத்துக்கிட்டான், எரியுதுன்னு. அதுவும் இல்லாம வலையை அவசர அவசரமா பிரிச்சுகிட்டு இருக்கான். தடயத்தை அழிக்கறான்.”

“எதைப் பத்தித் திட்டிக்கினு இருந்தான்?”

“எவனோ வலையை வைக்கோல் மாதிரி அள்ளிப் போட்டுட்டானாம். பெஞ்சு மடிஞ்சா வலை கலையாதா மேடம்? இதுக்கு ஒரு கோபம்!”

ஜமுனா மூன்றாவது படத்தை மறுபடியும் திறந்து, வலைக் குவியலைப் பெரிதாக்கினாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு டேப்லெட்டை மூடினாள்.

“பூபதி சாரைக் கூப்பிடு. எல்லாரும் ஷெட்டுக்கு வரட்டும். தினகரன் சாரும் வரணும், கட்டோட.”

சூரியன் ஏரிப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. தெரு வாசலில் வேன் நின்றது. டிரைவர் அதற்குள் கதவைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு வாசலிலும் ஊர்ச் சனம். காலையில் காசில்லாமல் காமெடி பார்த்தவர்கள், இப்போது இதையும் விடுவதாக இல்லை.

இயக்குநர் பூபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஜமுனா மேடம், வெளிச்சம் போகுது. சீக்கிரம்.”

“சீக்கிரமே முடியும் சார். இந்தப் பெஞ்சோட பின்னைச் சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் உருவி, சத்யா பெட்டியில போட்டிருக்காங்க.”

“அவ மறந்துட்டான்னு ஏன் இருக்கக் கூடாது?”

“மறந்திருந்தா பெஞ்சை யாரும் தொட்டிருக்க வேண்டியதே இல்ல. ஆனா தொட்டிருக்காங்க.” அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். “சாப்பாட்டுக்கு முன்னாடி டின் வலது பக்கம். நான் திரும்பி வந்தப்போ இடது பக்கம். காலைல இருந்த அதே எண்ணெய் வட்டத்து மேல.”

“சரி. எவனோ வெச்சிருக்கான். எவன்?”

“அதைத்தான் டின்னே சொல்லுது சார். கெடுக்கணும்னு வந்தவங்க, சாமானை எறக்கி, பெஞ்சைச் சாய்ச்சு, பின்னை எடுத்தாங்க. வெளியாள்னா சாமானைக் கைக்கு வந்த எடத்துல வெச்சுட்டு ஓடியிருப்பான். இவங்க ஓடல. போனை எடுத்து, குரூப்ல இருந்த காலைப் படத்தைப் பாத்து, அதே எடத்துல, அதே கோணத்துல திரும்ப வெச்சிருக்காங்க. செட் வேலை பாக்கற கை அது. கெடுக்க வந்தப்பகூட கலைஞ்ச சாமானைக் கலைஞ்ச மாதிரியே விட்டுட்டுப் போக அந்தக் கைக்கு மனசு வரல.”

கூட்டத்தில் யாரோ ‘அடேங்கப்பா’ என்றார்கள்.

“ஆனா அவங்களுக்கு ஒண்ணு தெரியாது. தினகரன் சார் டின்னை இடம் மாத்தினதும், அதை நீங்க ஓகே பண்ணதும். வலது பக்கம் டின் இருந்ததைப் பாத்து, எவனோ தள்ளி வெச்சுட்டான்னு நெனச்சு, அதைச் ‘சரி’ பண்ணிட்டாங்க. என் புதுப் படம் குரூப்புக்குப் போய்ச் சேரல. அந்த டேக்கை நேர்ல பாத்தவங்க யாரும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. சத்யா பீப்பாய்க்குப் பின்னாடி படுத்துக்கினு பாத்தா. நீங்க பாத்தீங்க. கேமரா, லைட்டு, எல்லாரும் சிரிச்சீங்க. குரூப்ல இருந்தும் அந்த நேரம் இங்க இல்லாதவங்க ரெண்டு பேர்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. ரமேஷ் முகம் வெளுத்தது.

“மேடம், சத்தியமா நான்...”

“பொறு தம்பி. காலைல இந்த வலையை மடிச்சது நீதானே? எப்படி மடிச்ச?”

“எப்படின்னா? மெதவை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். வலையைக் கையில எடுத்தாலே அப்படித்தானே வரும்? இல்லாட்டி அடுத்த தடவை விரிக்க முடியாதே.” வாசலில் நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள், இதுகூட ஒரு கேள்வியா என்பதுபோல.

“நான் உள்ள வந்ததும் எடுத்த படம் இது. பெஞ்சு இன்னும் மடியல. குவியலோட உருவம் காலைல இருந்த மாதிரியே இருக்கு. உயரம், சரிவு, எல்லாம் அச்சு. ஆனா உள்ள பாருங்க, மெதவையும் ஈயமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கினு கீது. வலையை ஒரு சாமானாப் பாத்த கை இது. வலையாப் பாத்த கை இல்ல. ரமேஷ் அவசரத்துல எறக்கி வெச்சிருந்தாலும் அவன் விரல் தானா பிரிச்சு வெச்சிருக்கும்.”

பூபதி மெல்லத் திரும்பினார். லோகேஷ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“லோகேஷ் சார்,” என்றாள் ஜமுனா, அதே குரலில், “ஷெட்டுக்குள்ள காலே வெக்கலன்னு சொன்னீங்க.”

சத்யா முன்னால் வந்தாள்.

“சார். என் பெட்டியில பின்னை வெச்சது நீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“கை பிசகும்னு நெனைக்கலம்மா,” என்றார் லோகேஷ். “உக்காந்ததும் மடியும், எல்லாரும் பயப்படுவாங்க, மெஷின் வேணாம், பழையபடியே கயிறு கட்டி இழுக்கலாம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். இவ்வளவு காலத்துல என் பேருக்குக் கீழ இன்னொரு பேரு வந்ததே இல்ல.”

“உங்க பேருக்குக் கீழ ஆளுங்க இருந்தாங்க சார். பேரு இல்லாம இருந்தாங்க. அவ்ளோதான்.”

தினகரன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, “யோவ் லோகேஷு, உன் பேருக்காக என் கையா கெடைச்சுது?” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்; அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான்.

பூபதி நெற்றியைத் தேய்த்தார். “சரி. நடந்தது நடந்துபோச்சு. சத்யா, நீ வேலையப் பாரு. விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். லோகேஷ் சார்கிட்ட நான் தனியா பேசிக்கறேன்.”

“முடியாது சார்,” என்றாள் சத்யா.

“இன்னாம்மா முடியாது?”

“என்னை அனுப்பினது தனியா இல்ல, மைக்ல. கவனம் இல்லாதவன்னு ஊருக்கே சொன்னீங்க. இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு எங்க வூட்டைத் தெரியும். நாளைக்கு மார்க்கெட்டுல எங்கம்மாகிட்ட கேப்பாங்க, ‘உன் பொண்ணு இன்னாவோ ஆளைத் தள்ளி வுட்டுட்டாளாமே’ன்னு. எதுல சொன்னீங்களோ அதுலயே மாத்திச் சொல்லுங்க.”

பூபதி ஜமுனாவைப் பார்த்தார். ஜமுனா டேப்லெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்; உதவிக்கு வருகிற முகம் இல்லை அது. “சங்கத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும் சார்,” என்று மட்டும் சொன்னாள். “அடிபட்டிருக்கு. மறைச்சா நாளைக்கு உங்க பேருதான் வரும்.”

அவர் மைக்கை எடுத்தார். முதலில் தொண்டையைச் செருமினார். ‘ஒரு சின்னத் தவறான புரிதல்’ என்று தொடங்கினார். சத்யா கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தார். இந்தப் பெஞ்சைச் செய்தது சத்யா, அதில் ஒரு குறையும் இல்லை, தப்பு சொன்னது நான், மன்னிக்கணும் என்று ஒலிபெருக்கி தோணிரேவு முழுக்கச் சொன்னது. படகில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

லோகேஷ் வேனில் ஏறினார். யாரும் கூச்சல் போடவில்லை. ரமேஷ் போய் அவருடைய பையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

“பாக்கி வெளிச்சத்துல ஒரு டேக் போவலாமா சார்?” என்றாள் சத்யா.

“இன்னைக்கேவா? தினகரனுக்கு...”

“கை கட்டுல இருந்தா சிங்காரத்துக்கும் கை கட்டுல,” என்றார் தினகரன். “காரணம் இன்னான்னு ரைட்டர் எழுதிக்கட்டும். அதுக்குத்தானே கீறாரு?”

சத்யா மடிந்த பெஞ்சை நிமிர்த்தி நிறுத்தி, மணலில் மல்லாந்து படுத்து அதன் அடியில் நுழைந்தாள். கீல்களைச் சரிபார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், கை மட்டும் மேலே போனது. பிறகு வெளியே வந்து எழுந்து நின்றாள். ரமேஷ் பிரித்து முடித்த வலையைக் கொண்டுவந்து, மிதவை ஒரு பக்கம் ஈயம் ஒரு பக்கமாக மடித்து வைத்தான். ஜமுனா கிரீஸ் டின்னை வலது ஓரத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

இனி ஒத்திகைக்கு யாராவது உட்கார வேண்டும். யாரும் முன்வரவில்லை. மணிக்கட்டு பிசகியவனுக்குத்தான் பெஞ்சின் அருமை தெரியும். தினகரன் பெஞ்சையும் பார்த்தார், சத்யாவையும் பார்த்தார்.

“பின்னு போட்டியா?”

“போட்டேன்ணா.”

உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு, காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்தார். பெஞ்சு கல் மாதிரி நின்றது. ஷெட்டில் நின்ற எல்லோரும் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒன்றாக விட்டார்கள்.

அப்புறம் நிஜ டேக். சத்யா பின்னை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பீப்பாய்க்குப் பின்னால் போய்ப் படுத்தாள். தூண்டில் நரம்பு இரண்டு விரலுக்கு நடுவில். ரோசி ரெக்கார்டரைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். பூபதி ‘ஆக்‌ஷன்’ என்றார்.

தினகரன் வசனத்தைச் சொன்னார். டின்னைத் தட்டினார். மூச்சை இழுத்தார். எதிராளியை ஒரு பார்வை பார்த்தார்.

பெஞ்சு மடிந்தது. வலை அவர் தலைமேல் வந்து விழுந்தது. கட்டுப் போட்ட கை மட்டும் வலைக்கு வெளியே, யாருக்கோ வணக்கம் வைப்பதுபோல நின்றது. இரண்டு வாசலிலும் இருந்த சனம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பு தாங்காமல் தண்ணீர் ஓரம்வரை போய்த் திரும்பினார். ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டே ரெக்கார்டரை இறுகப் பிடித்திருந்தாள். அது கையில் குலுங்கியது. ஜமுனாவே வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி ‘ஓகே, ஓகே’ என்று கத்தினார். பேக்கப் சொல்ல மைக்கை எடுத்தார்.

பீப்பாய்க்குப் பின்னாலிருந்து சத்யாவின் தலை மட்டும் மேலே வந்தது. அத்தனை பேர் நடுவில் சிரிக்காத ஒரே முகம். புருவத்தைச் சுருக்கிப் பெஞ்சின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓகே இல்ல சார். எடது கால் லேட்டு. இன்னொண்ணு போவலாம்.”

பூபதி மேற்கே வெளிச்சத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

“ஒன் மோர்!”